மயாமி ஷோபேண்ட்: ஒரே பெயர், எத்தனை முகங்கள்?

கேள்வி இது: "மயாமி ஷோபேண்ட் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன். 1975இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள், அறுபதுகளில் அயர்லாந்தைக் கலக்கிய அதே குழுவினர்தானா? அப்படியென்றால் டிக்கி ராக் எப்படித் தப்பித்தார்? பழைய படங்களில் இருக்கும் முகங்களும் பிந்தைய படங்களில் இருக்கும் முகங்களும் ஒத்தே வரவில்லை. யார் உண்மையான மயாமி?"

முதலில் நேரடியான பதில். குழுவின் புகழ்பெற்ற பாடகர் டிக்கி ராக் தப்பிக்கவெல்லாம் இல்லை. அவர் 1972லேயே குழுவை விட்டு விலகிவிட்டார். 1975இல் துப்பாக்கிச் சூடு நடந்த அந்த இரவு வேனில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர்கூட 1962இல் குழு தொடங்கியபோது இருந்தவர் இல்லை. மிகப் பழையவர்களே 1967இல்தான் உள்ளே வந்தார்கள். மிகப் புதியவர் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆனாலும் அது மயாமிதான். சந்தேகமே வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, ஷோபேண்ட், அதாவது நடன அரங்குகளில் வாசிக்கும் இசைக்குழு, என்ற தொழில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஐம்பதுகளுக்கு முன்பு அயர்லாந்து நடன அரங்குகளில் வாசித்தவை ஆர்க்கெஸ்ட்ராக்கள். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டாண்டில் இருக்கும் நோட்ஸைப் பார்த்து வாசிப்பார்கள். வட அயர்லாந்தின் ஸ்ட்ராபேன் ஊரைச் சேர்ந்த கிளிப்பர் கார்ல்டன் என்ற குழு இதை மாற்றியது. ஸ்டாண்டைத் தூக்கி எறிந்தார்கள், எழுந்து நின்றார்கள், ஆடினார்கள், வேடம் போட்டு நகைச்சுவையும் செய்தார்கள். 'ஷோ' என்ற சொல் வந்தது அப்படித்தான். பிறகு வாட்டர்ஃபோர்டிலிருந்து ராயல் ஷோபேண்ட் வந்தது. பிரெண்டன் போயர் பாட்டும் இடுப்பு ஆட்டமும் ஊரைப் பைத்தியமாக்கின. 1962 ஏப்ரலில் லிவர்பூலில் ராயல் குழு வாசித்தபோது, அவர்களுக்கு முன்னால் வாசித்த உள்ளூர்க் குழுவின் பெயர் பீட்டில்ஸ். இதை ஐரிஷ்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு ஷோபேண்டில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று ஊதுபவர்கள், கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், முன்னால் ஒரு பாடகர். வாரத்தில் பல இரவுகள், ஒவ்வோர் இரவும் மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். எல்விஸ் பாட்டு, ஜிம் ரீவ்ஸ் பாட்டு, வால்ட்ஸ், டிக்ஸிலேண்ட் ஜாஸ், அந்த வாரம் ரேடியோவில் ஓடும் பாட்டு, எல்லாமே வேண்டும். சொந்தப் பாட்டை யாரும் கேட்கவில்லை. 'நடமாடும் ஜூக்பாக்ஸ்', காசு போட்டால் பாடும் பெட்டி, என்று பின்னால் வந்தவர்கள் கேலி செய்தார்கள். கேலி ஓரளவு நியாயம்தான். ஆனால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வான் மாரிசனும் ரோரி கல்லாகரும் பிள்ளைப் பிராயத்தில் இந்த ஷோபேண்டுகளில்தான் கைப்பழக்கம் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டவெளியில், சாலையோரத்தில், ஒரு பெரிய கொட்டகை. உள்ளே மது கிடையாது, சோடாவும் தேநீரும்தான். ஆண்கள் ஒரு பக்கச் சுவர், பெண்கள் எதிர்ப் பக்கச் சுவர். பேண்ட் அடுத்த பாட்டைத் தொடங்கியதும் ஆண்கள் கூட்டம் மொத்தமாகக் குறுக்கே பாயும். இந்த அரங்குகளைக் கட்டிப் பணம் பார்த்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ். பின்னாளில், 1992இல், நாட்டின் பிரதமராகவே ஆனார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் திருச்சபைக்குப் பயந்து அரங்குகள் மூடிக்கிடக்கும். அந்த வாரங்களில் குழுக்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலோ விமானமோ ஏறி, அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களுக்கு வாசிப்பார்கள்.

இப்படி ஓடிய தொழிலில் சொத்து என்பது என்ன? பாட்டு இல்லை, அது அடுத்தவன் எழுதியது. சொத்து என்பது சுவரொட்டியில் இருக்கும் பெயர். 'மயாமி வருகிறார்கள்' என்றால் டிக்கெட் விற்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மேலாளர் இருப்பார், பெரும்பாலான வாத்தியக்காரர்கள் வாரச் சம்பளத்துக்கு இருப்பார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் அதே சீருடையைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நிற்பார். ஆகவே ஒரு ஷோபேண்டின் வரலாற்றை ஆள் ஆளாகப் பின்தொடர்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும். இடம் இடமாகப் பின்தொடர வேண்டும். பாடகர் இடம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, பேஸ் கிட்டார் இடம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பாருங்கள், எல்லாம் தெளிவாகும்.

பாடகர் இடத்திலிருந்து தொடங்குவோம். டவுன்பீட்ஸ் என்ற ஒரு சின்னக் குழு ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தது. டாம் டோஹெர்ட்டி என்ற ஏற்பாட்டாளர் அதைக் கையில் எடுத்து, ஆட்களைக் கூட்டி, 1962இல் ஷோபேண்ட் ஆக்கினார். டப்ளினுக்கு வடக்கே கடற்கரையோரம் இருக்கும் போர்ட்மார்னக்கில் ஓர் அரங்கு, அதன் பெயர் பாம் பீச். புதுக் குழு வாசிக்க இருந்தது அங்கே. பாம் பீச் ஃப்ளோரிடாவில் இருக்கிறது, பக்கத்தில் மயாமி இருக்கிறது. சரி, மயாமி என்றே வைத்துவிட்டார்கள். மழையும் குளிர்காற்றும் அடிக்கும் ஐரிஷ் கடற்கரைக்கு அப்படி ஒரு பெயர். அந்தக் காலத்துக் குழுப் பெயர்கள் பாதி இப்படித்தான், இல்லாத வெயிலுக்கு ஏங்கிய பெயர்கள்.

முதல் பாடகர் ஜிம்மி ஹார்ட். அவர் அதிக நாள் நிலைக்கவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர்தான் டிக்கி ராக். டப்ளினில் கேப்ரா பகுதியில் 1936இல் பிறந்தவர், மெலோகார்ட்ஸ் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். ஆள் பெரிய அழகர் இல்லை, ஒல்லி, காது கொஞ்சம் பெரிது. ஆனால் காதல் பாட்டை உருகிப் பாடினால் பெண்கள் மேடையை முற்றுகையிட்டார்கள். 1963 இறுதியில் அவர் பாடிய 'தேர்ஸ் ஆல்வேஸ் மீ' ஐரிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் நுழைந்த வேகத்திலேயே முதலிடம் பிடித்தது. அடுத்தடுத்து முதலிடங்கள். "என் மேல் துப்பு டிக்கி!" என்று ஒரு ரசிகை கூவியதாகச் சொல்லப்படும் கதை அவரை விட்டுக் கடைசிவரை போகவே இல்லை. 1966இல் லக்சம்பர்க்கில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு அயர்லாந்து சார்பில் போய் 'கம் பேக் டு ஸ்டே' பாட்டோடு நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டு வந்தார். நீங்கள் கேட்ட 'அயர்லாந்தைக் கலக்கிய' மயாமி இந்தக் காலத்து மயாமிதான்.

1967இல் முதல் பெரிய உடைவு. பழைய வாத்தியக்காரர்கள் பலர் மொத்தமாக விலகி, தி சாண்ட்ஸ் என்று தனிக் குழு தொடங்கினார்கள். டோனி கென்னி அதில் பாடினார். இது ஏதோ மயாமியின் தனிச் சாபம் என்று நினைத்துவிட வேண்டாம். மறு வருடமே முலிங்கரில் ஜோ டோலனின் டிரிஃப்டர்ஸ் குழு இதே மாதிரி உடைந்தது. பாடகரை விட்டுவிட்டுப் பழையவர்கள் தனியாகப் போனார்கள். 1971இல் ராயலிலிருந்தே பிரெண்டன் போயரும் டாம் டன்ஃபியும் வெளியேறி பிக் எய்ட் என்ற குழுவை அமைத்து, லாஸ் வேகஸில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் ஒருவர் பெயர், பின்னால் வியர்வை சிந்தி ஊதுபவர்கள் ஏழு பேர். அப்படி இருக்கும் இடத்தில் உடைவு வராமலா இருக்கும்?

மயாமி உடைந்ததில் நல்லதும் நடந்தது. காலியான இடங்களில் வந்து நின்றவர்கள் முந்தையவர்களைவிட இளையவர்கள், ராக் இசையும் கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையும் கேட்டு வளர்ந்தவர்கள். பிரே ஊரிலிருந்து ஃபிரான் ஓ'டூல் கீபோர்டுக்கு வந்தார். பால் ஆஷ்ஃபோர்ட் பேஸ் கிட்டாருக்கு வந்தார். டைரோன் மாவட்டம் கேலிடனைச் சேர்ந்த பிரையன் மெக்காய் டிரம்பெட்டுக்கு, பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த டெஸ் மெக்அலியா சாக்ஸபோனுக்கு. மெக்அலியா மேடையில் டெஸ் லீ என்று பெயர் வைத்துக்கொண்டார், அதனால் சில இடங்களில் இரண்டு பெயரும் வரும். இரண்டு பேர் என்று எண்ணிவிடாதீர்கள். என் கணக்கில் இதுதான் வாத்தியத்தில் மிகச் சிறந்த மயாமி. டிக்கி ராக் முன்னால் நின்று பழைய காதல் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்க, பின்னால் நின்ற பையன்கள் வேறொரு இசையை வாசிக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

1972இல் டிக்கி ராக் சொந்தக் குழு அமைத்துப் போனதும், அடுத்த இரண்டு வருடத்துக்குப் பாடகர் இடம் பேருந்து நிறுத்தம் மாதிரி ஆகிவிட்டது. முதலில் ஃபிராங்கி சைமன், ஜானி சைமன் என்ற இரண்டு சகோதரர்கள். அவர்கள் போய் 1973இல் பில்லி மேக். அவருக்கு அப்புறம் மிக் ரோச். அவரையும் அனுப்பிவிட்டு, 1974இல்தான் வீட்டுக்குள்ளேயே இருந்த வைரத்தைப் பார்த்தார்கள். கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஃபிரான் ஓ'டூலே முன்னால் வந்தார். ஐரிஷ் தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி ஒன்றில் அவர் 1972லேயே பரிசு வாங்கியிருந்தார்! அயர்லாந்திலேயே மிகச் சிறந்த சோல் பாடகர் என்று ஆஷ்ஃபோர்ட் அவரைப் பிற்பாடு புகழ்ந்தார். 1974 இறுதியில் ஓ'டூல் பாடிய 'கிளாப் யுவர் ஹேண்ட்ஸ், ஸ்டாம்ப் யுவர் ஃபீட்' பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறியது. பெயரிலும் 'ஷோபேண்ட்' தேய்ந்து, வெறும் 'மயாமி' ஆகிக்கொண்டிருந்தது.

இனி பேஸ் கிட்டார் இடம். இந்த வரலாற்றில் நான் எப்போதும் நின்றுவிடும் இடமும் இதுதான்.

பால் ஆஷ்ஃபோர்ட் 1973இல் குழுவை விட்டுப் போக நேர்ந்தது. வட அயர்லாந்தில் போய் வாசிப்பது உயிருக்கு ஆபத்து என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர் பயந்ததில் தவறில்லை. 1969 முதல் வடக்கே, பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் தரப்புக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கத் தரப்புக்கும் இடையே, குண்டும் துப்பாக்கியுமாக இருந்தது. 1972 மிகக் கொடூரமான வருடம். ஆனால் ஒரு டப்ளின் குழுவுக்கு வடக்கு என்பது பெரிய வருமானம். எல்லைக்கு அந்தப் பக்கம் போகமாட்டேன் என்றால் அந்தக் குழுவில் வேலை இல்லை. அவர் இடத்துக்கு ஜானி பிரவுன் வந்தார். பிறகு டேவ் மாங்க்ஸ் சில காலம். கடைசியாக 1975 கோடையில் டிப்பரரி மாவட்டம் கேரிக்-ஆன்-ஷுரிலிருந்து 24 வயது ஸ்டீபன் டிராவர்ஸ் வந்தார். பெரிய குழுவில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார் அவர். கிட்டாரில் டப்ளின்காரர் டோனி கெரட்டி, டிரம்ஸில் ஆன்ட்ரிம் ஊர்க்காரர் ரே மில்லர்.

இப்போது ஆறு பேர். மெக்காயும் மில்லரும் புராட்டஸ்டன்ட், மற்ற நால்வரும் கத்தோலிக்கர். அவர்களுக்குள் இது ஒரு பேச்சே இல்லை. அரங்குகளிலும் இரண்டு தரப்பு இளைஞர்களும் ஒரே தரையில் ஆடினார்கள். அந்த வருடங்களில் வடக்கில் அப்படி நடந்த இடங்கள் மிகக் குறைவு.

1975 ஜூலை 30 இரவு, டவுன் மாவட்டம் பான்பிரிட்ஜில் காஸில் அரங்கில் வாசித்தார்கள். முடிந்ததும் ரே மில்லர் தன் காரில் ஆன்ட்ரிமில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. மற்ற ஐவரும் மினிபஸ்ஸில் டப்ளின் நோக்கிக் கிளம்பினார்கள். ஓட்டியவர் பிரையன் மெக்காய். நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி வாக்கில், நியூரிக்கு வடக்கே பஸ்க்ஹில் என்ற இடத்தில் ராணுவச் சீருடைக்காரர்கள் விளக்கைக் காட்டி நிறுத்தினார்கள். யாரும் பதறவில்லை, அந்தச் சாலையில் சோதனைச் சாவடி தினசரி விஷயம். கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைப் பள்ளத்தைப் பார்த்து வரிசையாக நிற்கச் சொன்னார்கள்.

அது போலிச் சாவடி. நின்றவர்கள் யுவிஎஃப் என்ற, பிரிட்டன் பக்கம் நின்ற லாயலிஸ்ட் ஆயுதக் குழுவினர். அவர்களில் சிலர் யுடிஆர் என்ற பிரிட்டிஷ் ராணுவப் படைப்பிரிவில் உண்மையாகவே சிப்பாய்கள். வண்டியில் குண்டை ஒளித்து வைத்து, வழியில் வெடிக்கச் செய்து, பாட்டுக்காரர்களே குண்டு கடத்தினார்கள் என்று உலகை நம்பவைப்பதுதான் திட்டம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குண்டு முன்கூட்டியே வெடித்தது. அதை வைத்துக்கொண்டிருந்த இருவரும் அங்கேயே செத்தார்கள். மற்றவர்கள் சுட ஆரம்பித்தார்கள். 32 வயது மெக்காய், 28 வயது ஓ'டூல், இருபதுகளில் இருந்த கெரட்டி, மூவரும் கொல்லப்பட்டார்கள். வெடிப்பில் பள்ளத்தில் தூக்கி எறியப்பட்ட டெஸ் மெக்அலியா ஓடிப்போய் உதவி தேடினார். துப்பாக்கிக் குண்டு உடலுக்குள் சிதறிய நிலையில் புல்லில் அசையாமல் கிடந்த டிராவர்ஸ் பிழைத்தார்.

ஓர் இடைச்செருகல். இதற்கு இரண்டே நாள் முன்பு, ஜூலை 29 அன்று, ராயலின் பழைய நட்சத்திரம் டாம் டன்ஃபி கார் விபத்தில் இறந்திருந்தார். ஷோபேண்ட்காரர்களுக்கு அதுவரை தெரிந்த எமன் அதுதான்: நள்ளிரவுச் சாலை, தூக்கக் கலக்கம். துப்பாக்கி அவர்கள் கணக்கிலேயே இல்லை.

வழக்கில் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் இருவர் சம்பவத்தின்போது பணியில் இருந்த யுடிஆர் சிப்பாய்கள். வடக்கில் சண்டையை முடித்த 1998 புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு அவர்கள் விடுதலையானார்கள். உயிர் தப்பியவர்கள் விடவில்லை. 2011இல், பழைய வழக்குகளை மறுபடி ஆராய்ந்த போலீஸ் குழு, பாதுகாப்புப் படை உடந்தை பற்றிக் கவலையூட்டும் ஆதாரங்களைச் சுட்டிக்காட்டியது. 2021 டிசம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகமும் வட அயர்லாந்து போலீசும், தவறை ஒப்புக்கொள்ளாமலே, தப்பியவர்களுக்கும் குடும்பங்களுக்குமாகச் சேர்த்து ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு கொடுத்து வழக்கை முடித்தன. 46 வருடம் கழித்து.

இனி உங்கள் கேள்வியின் கடைசி வரி, 'யார் உண்மையான மயாமி' என்பது. சம்பவத்துக்குப் பிறகும் குழு நின்றுவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1975 முடிவதற்குள்ளேயே டெஸ் மெக்அலியா, ரே மில்லர், காயம் ஆறியும் ஆறாமலும் இருந்த டிராவர்ஸ் மூவரும் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் மேடை ஏறினார்கள். கூட்டம் வந்தது. பாட்டுக் கேட்க வந்ததைவிட, பிழைத்தவர்களைப் பார்க்க வந்த கூட்டம் அது. அதைத் தாங்க முடியாமல் டிராவர்ஸ் விலகினார். மெக்அலியா சில வருடம் இழுத்துப் பிடித்துவிட்டு, 1982இல் தென்னாப்பிரிக்காவுக்கே குடிபெயர்ந்துவிட்டார். ஆள் போனால் ஆள் என்று 1962 முதல் ஓடிய ஏற்பாடு முதல் முறையாக அங்கே வேலை செய்யவில்லை. பாடகர் இடத்தில் இன்னொரு பாடகரை நிறுத்த முடிந்தது, ஓ'டூல் இடத்தில் முடியவில்லை.

தொழிலும் அதற்குள் சரிந்துகொண்டிருந்தது. தெற்கத்திக் குழுக்கள் வடக்கே போக அஞ்சின. ஹோட்டல்களில் மதுவோடு டிஸ்கோ வந்தபின், சோடா விற்கும் கொட்டகைக்கு யார் போவார்கள்? அரங்குகள் ஒவ்வொன்றாகக் கிடங்காகவும் கடையாகவும் மாறின.

டப்ளின் பார்னெல் சதுக்கத்தில், முன்பு நேஷனல் பால்ரூம் இருந்த இடத்துக்கு எதிரே, 2007 டிசம்பரில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். ஓ'டூல், மெக்காய், கெரட்டி மூவருக்குமானது அது. டிக்கி ராக் 2024 டிசம்பரில் தம் 88ஆம் வயதில் இறந்தார். அவர் மயாமியில் இருந்தது பத்து வருடம், தனியாகப் பாடியது ஏறக்குறைய ஐம்பது வருடம். இருந்தும் இரங்கல் செய்திகளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்த சொல் மயாமிதான்.

இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், உங்கள் குழப்பம் காதாலேயே தீரும். முதலில் 1966இன் 'கம் பேக் டு ஸ்டே'. டிக்கி ராக் நிமிர்ந்து நின்று உருகும் பாட்டு. அப்புறம் 1974இன் 'கிளாப் யுவர் ஹேண்ட்ஸ்'. ஓ'டூலின் குரல், துள்ளும் பேஸ் கிட்டார். வேனில் போனவர்களின் மயாமி இரண்டாவதுதான்.